தண்டவாளம் நீங்கிய பாதையிலே

மக்கள் நெருங்கி வாழும் நகரமொன்றிலே புதிய பிரயாண வசதியொன்றை அமைக்க முற்படுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். பாதை எவ்வழியே செல்வது என்பது ஒன்று. அப்பாதையிலே எத்தனை பேர் பிரயாணஞ் செய்வர் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குப் பொறியியலாளரும் இரண்டாவது வினாவுக்குக் கணக்கறிஞரும் விடை கூறிவிடுவர் என நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். ஆயின் நடைமுறையிலே முதல் வினாவுக்கு விடை கூறுவது பெரும்பாலும் ஊராரின் விருப்பு வெறுப்பு. இரண்டாவது வினாவுக்கான விடையோ பாதை திறந்து ஆண்டுகள் சில சென்ற பின்னரே தெரியவருகிறது. இதனை நன்கு விளக்கும் வரலாறொன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் புறநகர்ப் பகுதியிலே, 2005ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விரைவு பஸ் பாதையின் வரலாறு அது.

விரைவு பஸ் பாதை என்றால் யாது? சாதாரண பஸ் வண்டி மற்றை மோட்டார் வாகனங்களோடு கலந்து, அவை நிற்கும்போது தானும் நின்று, அவை ஊரும்போது தானும் ஊர்ந்து செல்கிறது. விரைவு பஸ் பாதையிலோ பஸ்ஸுக்கெனத் தனி வழி ஒதுக்கப்பட்டிருக்கும். புகையிரத நிலையம் போல மேடை கட்டிய தரிப்பிடங்கள் இருக்கும். பிரயாணிகள் வண்டியில் ஏறுமுன்னரே சீட்டுப் பெற்றுக்கொள்வர். ஆகவே சாரதியின் முன் வரிசையாக நிற்க வேண்டியதில்லை. எல்லா வாயில்களாலும் ஏறலாம். சுருங்கக் கூறின், புகையிரதத்தின் ஒழுங்கை ரப்பர்ச் சில்லுகளின் மேல் ஏற்றிவைக்கும் முயற்சி இது. இங்கிலாந்திலே ரன்கோர்ன் என்னும் புதிய பட்டினத்தில் 1971ஆம் ஆண்டிலே பஸ்ஸுக்கெனத் தனிப் பாதை திறக்கப்பட்டது. பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரிலே, ஜைமி லேர்னர் என்னும் கட்டடக் கலைஞர் நகரபிதாவாக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டு இத்தகைய பாதைகள் தொடங்கி, பின்னர் நகரம் முழுவதையும் தழுவிய பெரும் அமைப்பாக வளர்ந்தன.

இனி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். அந்நகரின் வடபால், மலைத்தொடர் ஒன்றுக்கு அப்பால், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு எனப்படும் அகன்ற சமவெளி கிடக்கிறது. ஒரு காலத்தில் கோதுமை விளைந்த நிலம் அது. 1913ஆம் ஆண்டிலே தொலைவிலுள்ள மலைநாட்டிலிருந்து பெருங்கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அத் தண்ணீரிலே பங்கு வேண்டி, 1915ஆம் ஆண்டிலே பள்ளத்தாக்கின் பெரும் பகுதி நகரோடு இணைந்தது. அதற்கு முன்னரே, 1893ஆம் ஆண்டிலே, சதர்ன் பசிபிக் என்னும் புகையிரதக் கம்பனி பள்ளத்தாக்கின் குறுக்கே கிளைப்பாதை ஒன்றை அமைத்திருந்தது. 1911ஆம் ஆண்டிலே மின்சார ட்ராம் வண்டியும் வான் நைஸ் என்னும் ஊர் வரை வந்து சேர்ந்தது. நீரும் தண்டவாளமும் வந்தபின் வயல் வீட்டு மனையாக மாறுதல் இயல்பே.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் இப் பள்ளத்தாக்கு வீடுகளால் நிரம்பிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முற்றம், ஒரு மோட்டார் வண்டி என்பது அக்கால வாழ்க்கையின் இலக்கணமாயிற்று. அகன்ற நெடுஞ்சாலைகள் எழுந்தன. ட்ராம் வண்டியில் ஏறுவோர் குறைந்தனர். 1952ஆம் ஆண்டின் இறுதியில் வான் நைஸ் ட்ராம் சேவை நிறுத்தப்பட்டது. சதர்ன் பசிபிக் கிளைப்பாதையிலும் பிரயாணிகள் வண்டி நெடுங்காலத்துக்கு முன்னரே நின்றுபோய், எப்போதேனும் ஒரு சரக்கு வண்டி மட்டுமே சென்று கொண்டிருந்தது. வீட்டு வேலிகளுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த அந்த நீண்ட நிலத் துண்டே நம் வரலாற்றின் நாயகம்.

நெடுஞ்சாலைகள் வாகனங்களால் நெரிசலுற்றபோது மக்கள் மீண்டும் பொதுப் பிரயாணத்தைப் பற்றி எண்ணத் தலைப்பட்டனர். 1980ஆம் ஆண்டிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட வாக்காளர் தாம் வாங்கும் பொருள்களின் மீது அரைச் சத வீத விற்பனை வரியை விரும்பியே ஏற்றுக்கொண்டனர். அவ்வரியைக் கொண்டு புகையிரதப் பாதைகள் அமைப்பது நோக்கம். பள்ளத்தாக்கிலே அதற்கென இயற்கையாகவே வாய்த்த இடம் பழைய கிளைப்பாதை அன்றோ? திட்டம் வகுப்போர் அதன் மீது கண் வைத்தனர்.

அவர்கள் கண் வைத்ததும் எதிர்ப்பு எழுந்தது. பாதை செல்லவிருந்த சாண்ட்லர் வீதியின் இரு மருங்கிலும் குடியிருந்தோர், இரைச்சல் பெருகும், பிள்ளைகளுக்கு ஆபத்து நேரும், வீட்டின் விலை வீழும் என அஞ்சினர். அவ்வீதியை அண்டி யூத சமயத்தை வழுவாது பேணும் குடும்பங்கள் பல வாழ்ந்தன. ஓய்வு நாளிலே அவர்கள் வாகனம் ஏறுவதில்லை. நடந்தே தம் வழிபாட்டிடங்களுக்குச் செல்வர். தாம் நடந்து கடக்கும் வீதியின் நடுவே புகையிரதம் ஓடுவதை அவர்கள் விரும்பவில்லை. இவ்வச்சங்களை வீணென்று தள்ளிவிடல் முறையன்று. வீட்டு வாசலில் நிகழப்போவதைப் பற்றிக் கவலைப்படும் உரிமை எவர்க்கும் உண்டு.

ஆயினும் அவ்வச்சம் வேண்டுகோளாக நிற்காமல் சட்டமாக மாறிற்று. 1991ஆம் ஆண்டிலே, கலிபோர்ணியா மாநில மேற்சபை உறுப்பினராகிய அலன் றொபின்ஸ் என்பவர் கொண்டுவந்த சட்டம், அப் பாதையின் குடியிருப்புப் பகுதியிலே நிலத்தின் மேல் எவ்வகைப் புகையிரதமும் ஓடலாகாது என விதித்தது. ஓடுவதாயின் நிலமட்டத்துக்குக் குறைந்தது 25 அடி கீழே, ஆழத்தில் துளைத்த சுரங்க வழியில்தான் ஓடல் வேண்டும். அதே ஆண்டிலே போக்குவரத்து ஆணைக்குழு அந்த நிலத் துண்டைச் சதர்ன் பசிபிக் கம்பனியிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. நிலம் பொதுமக்களுக்குச் சொந்தமாயிற்று. அதனைப் பயன்படுத்தும் வழியோ சட்டத்தால் அடைபட்டது.

சுரங்க வழி எஞ்சியிருந்ததே எனலாம். ஆனால் சுரங்கம் தோண்டும் வேலை லொஸ் ஏஞ்சல்ஸிலே இடர் பல கண்டது. 1995ஆம் ஆண்டிலே ஹொலிவூட் பெருந்தெருவில், சுரங்கம் அகழ்ந்த இடத்திலே நிலம் உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. செலவும் ஏறிக்கொண்டே போயிற்று. மக்கள் சலிப்புற்றனர். 1998ஆம் ஆண்டிலே, மாவட்ட மேற்பார்வையாளர்களுள் ஒருவராகிய செவ் யாரொஸ்லவ்ஸ்கி முன்மொழிந்த திட்டத்தை வாக்காளர் ஏற்று, புதிய சுரங்கப் பாதைகளுக்கு விற்பனை வரிப் பணத்தைச் செலவிடலாகாது எனத் தீர்த்தனர். ஏற்கனவே தொடங்கிய சுரங்கப் பாதை 2000ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பள்ளத்தாக்கின் வாயிலாகிய வட ஹொலிவூட்டை வந்தடைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

நேயர்களே, நிலைமையைச் சற்று நோக்குங்கள். நிலத்தின் மேலே புகையிரதம் கூடாது என்பது மாநிலச் சட்டம். நிலத்தின் கீழே பணம் இல்லை என்பது வாக்காளர் தீர்ப்பு. பள்ளத்தாக்கிலோ 17 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். தாம் வரி செலுத்துகிறோம், பயனோ மலைக்கு அப்பால் உள்ளோரைச் சேர்கிறது என்னும் மனத்தாங்கல் அவர்களிடையே வளர்ந்தது. நகரத்திலிருந்து பிரிந்து தனி நகரமாக வேண்டும் என்னும் கோரிக்கை 2002ஆம் ஆண்டு நவம்பரிலே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பள்ளத்தாக்கு வாக்காளருள் சிறு பெரும்பான்மையோர் அதனை ஆதரித்தனர். நகர முழுமையின் வாக்கிலே அது தோல்வியுற்றது. பிரயாண வசதி பற்றிய குறை இத்தகைய அரசியல் மனக்கசப்பின் ஒரு கூறாகவே இருந்தது.

இந்த இக்கட்டிலேதான் பஸ் வண்டி நினைவுக்கு வந்தது. சட்டம் புகையிரதத்தைத் தடுத்தது, பஸ்ஸைத் தடுக்கவில்லை. 1999ஆம் ஆண்டிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரபிதா றிச்சட் றியோடனும் வேறு சிலரும் குரிட்டிபா நகருக்குச் சென்று அங்குள்ள பஸ் பாதைகளைக் கண்டு திரும்பினர். அடுத்த ஆண்டிலே பள்ளத்தாக்கின் தென்புறமுள்ள வென்சூரா பெருந்தெருவிலும், நகரின் வேறொரு பெருந்தெருவிலும், தரிப்பிடங்களைக் குறைத்து விரைவாகச் செல்லும் பஸ் சேவை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு வெற்றி கண்டது. பழைய கிளைப்பாதையிலே தனிப் பஸ் பாதை அமைக்கும் திட்டமும் உருப்பெற்றது.

இங்கே இன்னொரு செய்தியையும் குறித்தல் வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் பஸ் ஏறுவோர் பெரும்பாலும் வறியோர். புகையிரதத்துக்குப் பணம் கொட்டப்படுகிறது, பஸ் பிரயாணிகளோ நெரிபட்டுச் செல்கின்றனர் எனக் கூறி, பஸ் பிரயாணிகள் சங்கம் முதலியன 1994ஆம் ஆண்டிலே வழக்குத் தொடர்ந்தன. 1996ஆம் ஆண்டிலே பஸ் சேவையைச் சீர்செய்வதற்கான உடன்படிக்கை நீதிமன்றத்தின் முன் செய்யப்பட்டது. ஆகவே பஸ் என்பது ஏழையரின் வாகனம், வசதியுள்ளோர் அதனை நாடார் என்னும் எண்ணம் அந்நகரிலே ஆழ வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்துக்கு எதிராகவே புதிய பாதை தன்னை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

எதிர்ப்பு இம்முறையும் ஓயவில்லை. ஒரு பாதைக்கு இத்துணைச் செலவு செய்வதைவிட, பல தெருக்களிலே விரைவு பஸ் சேவைகளை நடத்தினால் குறைந்த செலவில் கூடிய பயன் கிட்டும் எனக் குடியிருப்பாளர் குழு ஒன்று வாதிட்டது. அந்த வாதத்தை முறையாக ஆராயத் தவறியமை குற்றம் என 2004ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதி கட்டிய பாதையில் வேலை சில வாரம் நின்றது. அதிகாரிகள் அந்த மாற்று வழியையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்ட பின்னரே வேலை நிறைவேறிற்று. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. செம்மஞ்சட் பாதை என்பது அதற்கு இட்ட பெயர். வட ஹொலிவூட் சுரங்க நிலையத்திலிருந்து மேற்கே வோர்ணர் சென்டர் என்னும் அலுவலகப் பகுதி வரை 14 மைல். திரைப்பட முதலாளி ஹரி வோர்ணரின் பண்ணை இருந்த நிலமே அப்பகுதி. செலவு 30 கோடி டொலருக்கு மேல். 60 அடி நீளமான, நடுவிலே மடங்கி வளையும் வெள்ளி நிற பஸ் வண்டிகள் ஓடின. பாதையின் ஓரத்திலே பெருந்தூரம் துவிச்சக்கர வண்டி வழியும், மரஞ்செடிகளும் அமைந்தன.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். எத்தனை பேர் வருவர்? இதனை முன்கூட்டிக் கணிக்கும் முறை 1950களிலே டெட்ரோய்ட், சிக்காகோ ஆகிய நகரங்களில் நடந்த போக்குவரத்து ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. அது நான்கு படிகளைக் கொண்டது. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நாள்தோறும் எத்தனை பிரயாணங்கள் புறப்படும் என்பது முதற்படி. அவை எவ்வெவ்விடங்களை நோக்கிச் செல்லும் என்பது இரண்டாம் படி. அவற்றுள் எத்தனை மோட்டார் வண்டியிலும், எத்தனை பஸ்ஸிலும் நிகழும் என்பது மூன்றாம் படி. எந்தத் தெருவாற் செல்லும் என்பது நான்காம் படி. கணக்கு நுட்பமானது, ஆனால் மூன்றாம் படியிலே மனிதருடைய விருப்பத்தை எண்ணாக மாற்றவேண்டியிருக்கிறது. பழைய பஸ்ஸிலே மக்கள் காட்டிய விருப்பத்தைக் கொண்டே புதிய பஸ்ஸின் விருப்பத்தை அளக்கின்றனர். தாம் ஒருபோதும் கண்டிராத ஒன்றைப் பற்றி மக்கள் எவ்வாறு விருப்பம் காட்டியிருத்தல் கூடும்?

செம்மஞ்சட் பாதையிலே முதலாண்டில் வேலைநாள் ஒன்றுக்கு 5,000 முதல் 7,500 வரையான பிரயாணங்கள் நிகழும் என்றும், 2020ஆம் ஆண்டளவிலே அத்தொகை 22,000 ஆகும் என்றும் மதிப்பிட்டிருந்தனர். நடந்தது யாது? 2006ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அத்தொகை 22,000ஐ அண்மித்தது. பதினைந்து ஆண்டுகளில் எய்தவேண்டிய எண்ணை ஏழு மாதத்தில் எய்திவிட்டது! வந்தோருள் முன்னர் மோட்டார் வண்டி செலுத்தியோரும் இருந்தனர்.

இதற்குக் காரணங்கள் தேடின், சில தெளிவாகப் புலப்படும். பாதையின் கீழ்முனை சுரங்க நிலையத்தின் வாசலிலேயே அமைந்தது. ஆதலால் பள்ளத்தாக்கிலிருந்து நகரின் நடுவிடம் வரை ஒரே தொடர்ச்சியான பிரயாணம் கிட்டிற்று. வடக்குத் தெற்காக ஓடிய சாதாரண பஸ் சேவைகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நிலையத்திலே இப்பாதையைச் சந்தித்தன. பியர்ஸ் கல்லூரி, வலி கல்லூரி ஆகிய இரண்டும் பாதையோரத்தில் இருந்தமையால் மாணவர் திரளாக வந்தனர். மோட்டார் வண்டி வாங்க வசதியற்ற மாணவனுக்கு நேரந் தவறாத பஸ் கல்வியைத் தொடர்வதற்கான துணையாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வண்டி எப்போது வருமோ என ஏங்கி நிற்கவேண்டிய நிலை நீங்கிற்று. சில நிமிடத்துக்கு ஒரு வண்டி உண்டு என்னும் நம்பிக்கை, கால அட்டவணையைப் பாராமலே மனிதனை நிலையத்துக்கு வரச்செய்கிறது.

வெற்றியோடு குறைகளும் வெளிப்பட்டன. பாதை தனிப் பாதையாயினும், குறுக்கே செல்லும் தெருக்களை மட்டத்திலேயே கடந்தது. அச் சந்திகளில் புகையிரதக் கடவைக்குரிய தடுப்பு மரங்கள் இல்லை. சமிக்ஞை விளக்குகள் மட்டுமே இருந்தன. திறந்த சில நாளிலேயே சிவப்பு விளக்கைக் கவனியாத மோட்டார் வண்டிகள் பஸ்ஸோடு மோதின, பலர் காயமுற்றனர். எனவே பஸ் வண்டிகள் சந்திகளை மணிக்கு 10 மைல் வேகத்திலேயே கடக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டது. திட்டம் வகுத்தோர் 30 நிமிடத்துக்கும் குறைவாக முடியும் என எண்ணிய பிரயாணம் ஏறத்தாழ 40 நிமிடமாயிற்று. சந்தி விளக்குகள் குறுக்குத் தெருவுக்கும் வழிவிட வேண்டியிருந்தமையால், விரும்பிய அளவு வண்டிகளைக் கூட்டவும் இயலவில்லை. வண்டியின் நீளத்துக்கும் சட்டம் எல்லை வகுத்திருந்தது. மக்கள் பெருகினர்; அவர்களை ஏற்றும் வண்டிகளோ அதற்கேற்பப் பெருகவில்லை. குறைவாக மதிப்பிட்ட கணக்கின் விலையை, காலை வேளையிலே நின்றபடியே சென்ற பிரயாணிகள் செலுத்தினர்.

2012ஆம் ஆண்டு யூன் 30ஆம் தேதி பாதை வடக்கே சட்ஸ்வேர்த் புகையிரத நிலையம் வரை மேலும் 4 மைல் நீட்டப்பட்டது. அதன்பின் வேலைநாட் பிரயாணங்கள் ஏறத்தாழ 30,000 வரை உயர்ந்தன. ஆனால் அது நிலைக்கவில்லை. அப் பத்தாண்டின் பிற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் முழுவதிலும் பஸ் பிரயாணிகளின் தொகை வீழ்ந்தபோது இப்பாதையும் அவ்வீழ்ச்சியில் பங்குகொண்டது. 2020ஆம் ஆண்டிலே வந்த பெருந்தொற்று எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை புரட்டிப் போட்டது. அந்த 2020ஆம் ஆண்டையே மதிப்பீட்டாளர் தம் எல்லை ஆண்டாகக் கொண்டிருந்தனர் என்பதை எண்ணும்போது, எதிர்காலத்தைப் பற்றிய எண்கள் எத்துணை எளியவை என்பது புலனாகும்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தொடக்கத்திலே தண்டவாளத்தை எதிர்த்த பள்ளத்தாக்கிலே, பஸ் நிரம்பி வழிந்ததைக் கண்டபின், எமக்கும் புகையிரதம் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. 2014ஆம் ஆண்டிலே, அட்றின் நசாரியன் என்னும் சட்டசபை உறுப்பினரின் முயற்சியாலே, 1991ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் நீக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டிலே மாவட்ட வாக்காளர் ஏற்றுக்கொண்ட புதிய வரித் திட்டத்திலே, இப்பாதையை இலகு புகையிரதப் பாதையாக மாற்றும் பணியும் இடம்பெற்றது. ஆனால் அதற்குக் குறிக்கப்பட்ட காலம் 2050களாகும். 1991ஆம் ஆண்டிலே பிறந்த குழந்தை அன்று அறுபது வயதை நெருங்கியிருக்கும். இடையிலே 2020ஆம் ஆண்டு பாதையின் பெயர் ஆங்கில எழுத்தொன்றால் குறிக்கப்படும் ஜீ பாதை என மாறிற்று. 2021ஆம் ஆண்டளவிலே அதன் வண்டிகள் யாவும் மின்கலத்தால் ஓடுவனவாயின.

இவ் வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கன யாவை? பஸ் சிறந்ததா, புகையிரதம் சிறந்ததா என்னும் பட்டிமன்றத்துக்கு இது விடை கூறவில்லை. சட்டம் தடுத்திராவிடின் புகையிரதம் அன்றே வந்திருக்கலாம். பணமின்றி அதுவும் வராமலே போயிருக்கலாம். பஸ் பாதை அமைந்தமையால் ஒரு தலைமுறை மாணவரும் தொழிலாளரும் பயன் பெற்றனர் என்பது மட்டும் ஐயமற்றது.

ஆயினும் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளலாம். முதலாவது, நிலத்தைக் காத்தமை. அத் துண்டு நிலம் அன்று பொதுச் சொத்தாக வாங்கப்படாமல் மனை மனையாக விற்கப்பட்டிருந்தால், பின்னர் எத்தனை கோடி கொடுத்தும் 14 மைல் நீளமான வழியை வீடுகளினூடே பெற்றிருத்தல் அரிது. திட்டம் மாறலாம், வாகனம் மாறலாம், நிலம் கையை விட்டுப் போனால் மீளாது.

இரண்டாவது, அச்சத்தைச் சட்டமாக்கும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கை. வீதியோரத்தாரின் அச்சத்துக்குத் தடுப்புச் சுவராலும், கடவையாலும், வேக எல்லையாலும் பரிகாரம் தேடியிருக்கலாம். ஒரேயடியாகக் கதவை அடைத்தமையால், அக்கதவைத் திறக்க 23 ஆண்டுகள் சென்றன. ஒரு வீதியின் அமைதிக்காகச் செய்த விதி, பள்ளத்தாக்கு முழுவதன் பிரயாணத்தையும் கட்டிவைத்தது.

மூன்றாவது, எண்களைப் பயன்படுத்தும் முறை. மதிப்பீடு இன்றித் திட்டம் வகுத்தல் ஆழம் அறியாமற் காலை விடுவதை ஒக்கும். ஆனால் மதிப்பீட்டையே முடிந்த முடிபாகக் கொள்ளலும் பிழை. வருவோர் குறைந்தால் நட்டம் என எண்ணி அஞ்சும் அதிகாரிகள், வருவோர் மிகுந்தால் என் செய்வது என்பதையும் எண்ணுதல் வேண்டும். மேடையை இன்னும் சிறிது நீளமாகக் கட்டுவதும், பெருஞ்சந்திகளுக்கு மேலாகப் பாலமிட இடம் விடுவதும் தொடக்கத்திலே சிறு செலவு. பின்னர் அதுவே பெருஞ் செலவு.

காலையிலே நிலையத்துக்கு வரும் பிரயாணி இவ்வரலாற்றை அறியான். சட்டம் எது, தீர்ப்பு எது, மதிப்பீடு எது என அவன் கேட்பதுமில்லை. வண்டி வருமா, அதில் எனக்கு இடம் இருக்குமா, உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்வேனா என்பனவே அவன் வினாக்கள். திட்டம் வகுப்போர் எழுதும் ஆயிரம் பக்க அறிக்கையும் இந்த மூன்று வினாக்களுக்கு விடை கூறுவதாக இருத்தல் வேண்டும். எத்தேசத்து நகரமாயினும், எவ்வகை வாகனமாயினும், இவ்வளவுகோல் பொருந்தும் என்பதே என் துணிபு.